பந்தா இல்லாத பார்: மும்பையில் பெர்மிட் ரூம் தேடுவது எப்படி

வேலை நிமித்தம் மும்பைக்குப் போகிற நம்மூர்க்காரர், சாயங்காலம் ஒரு பியர் குடிக்கலாம் என்று தோன்றியதும் கைப்பேசியை எடுத்துத் தேடுகிறார். அது அவரை லோயர் பரேலில் ஏதோ ஒரு மாடிக்கு அனுப்பிவைக்கிறது. வாசலில் முன்பதிவு உண்டா என்கிறார்கள். செருப்புப் போட்டிருந்தால் முகம் சுளிக்கிறார்கள். உள்ளே எதிரில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் எழுந்துபோய்க் காதில் கத்த வேண்டும். அப்படிப்பட்ட இடங்களுக்கு வழிகாட்டி நூல் எதற்கு? அவையே விளம்பரம் செய்து கூப்பிட்டுக்கொள்ளும்.

இந்த அத்தியாயம் யாரையும் கூப்பிடாத இடங்களைப் பற்றியது. ட்யூப் லைட், சன்மைக்கா மேஜை, சத்தத்தை அடக்கிவைத்த டி.வி.யில் கிரிக்கெட், கேட்காமலே வந்து விழும் ஒரு தட்டு வேகவைத்த கடலை. மும்பைக்காரர்கள் இதைக் குவார்ட்டர் பார் என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் இன்னும் பெர்மிட் ரூம் என்றே சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் குடித்துப் பழகியவருக்கு இது புது அனுபவமாக இருக்கும். 2003 முதல் இங்கே சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் நெருக்கியடித்து நின்று பாட்டிலை வாங்கி, ஒட்டினாற்போல் இருக்கும் பாரில் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக்கொள்கிறோம். அது பிடிக்காதவர் நட்சத்திர ஓட்டலுக்கோ கிளப்புக்கோ போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் இல்லை. மும்பையில் அந்த நடுவிடம்தான் விரிந்து கிடக்கிறது. கண்ணாடிக் கிளாஸில், வெயிட்டர் ஊற்றித் தர, தாங்கக்கூடிய காசில் குடித்துவிட்டு, அதே மேஜையில் மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டு எழுந்து போகலாம். கூலி ஆளும் வங்கிக் குமாஸ்தாவும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருப்பார்கள்.

இந்த பார்களை அலங்காரத்தை வைத்து அடையாளம் காண முடியாது. அவற்றின் முகப்பு, உள் அமைப்பு, விலைப்பட்டியல், விடுமுறை நாள் எல்லாமே ஒரு பழைய சட்டம் விட்டுச்சென்ற தடங்கள். சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எந்தத் தெருவிலும் உங்களுக்கான பாரை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதனால் முதலில் கொஞ்சம் வரலாறு.

சட்டம் கட்டிய அறை

பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949இல் வந்தது. 1950 ஏப்ரலிலிருந்து மாநிலம் முழுக்க மதுவிலக்கு. உள்துறை அமைச்சராகவும் பிறகு முதல்வராகவும் இருந்த மொரார்ஜி தேசாய் அதில் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. உடல்நலத்துக்கு மது தேவை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் பெர்மிட் கிடைக்கும். பணக்காரர்களுக்குத் திடீரென்று நிறைய நோய்கள் வந்தன. ஏழைகளுக்கு அந்த வசதி இல்லை, அவர்கள் கள்ளச்சாராயத்துக்குப் போனார்கள். தாராவிச் சதுப்பு நிலத்தில் அடுப்புகள் எரிந்தன. பாந்திரா, மாஹிம், தோபி தலாவ் பக்கங்களில் கோவாக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் வீட்டு முன்னறையிலேயே விற்றார்கள். ‘ஆன்ட்டி’ வீடு எது என்று அந்தந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வரதராஜ முதலியார் பம்பாய்த் தமிழர்களிடையே பெரிய ஆளானதிலும் இந்தச் சாராயத்துக்குக் கணிசமான பங்கு உண்டு.

1960களின் நடுவில் பிடி தளர்ந்தது, 1970களில் இன்னும் தளர்ந்தது. ஆனால் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. இன்றைக்கும் மகாராஷ்டிரத்தில் குடிப்பவர் ஒவ்வொருவரும் மதுவிலக்குச் சட்டத்துக்குள் இருக்கும் ஒரு விதிவிலக்கின் பேரில்தான் குடிக்கிறார். பெர்மிட் வைத்திருப்பவருக்கு மட்டும், சாப்பாட்டுக் கடைக்குள் தனியாக ஒதுக்கிய அறையில், மது பரிமாறலாம் என்பது ஏற்பாடு. பெர்மிட் ரூம் பிறந்தது அப்படித்தான்.

அந்த வாய்ப்பை இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஷெட்டிகள். ஏற்கெனவே சாப்பாட்டுக் கடை நடத்திப் பழகியவர்கள், ஆகவே குடிக்கு ஒரு அறை சேர்ந்தபோதும் சமையலறையின் தரம் இறங்கவில்லை. மும்பைப் பாரில் சாப்பாடு நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம். கல்லாவுக்கு மேலே சாயிபாபா, திருப்பதி ஏழுமலையானோடு கடீல் துர்கா பரமேஸ்வரி படமும் மாலையோடு இருந்தால் கடை துளுநாட்டாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். நெய் சுட்ட கோழியோ கானே மீன் வறுவலோ தைரியமாகச் சொல்லலாம். முதலாளியை ‘அண்ணா’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். ஆனால் அவர் பேசுவது துளு, நம் தமிழ் அவருக்குச் சினிமா வழியாகத் தெரிந்த அளவுதான்.

பெர்மிட் விஷயம் இன்றும் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது. ஒரு நாள் பெர்மிட் வெளிநாட்டு வகை மதுவுக்கு 5 ரூபாய், நாட்டு மதுவுக்கு 2 ரூபாய், ஓராண்டுக்கு 100 ரூபாய், ஆயுளுக்கு 1,000 ரூபாய் என்று நீண்ட காலமாக இருந்துவருகிற கட்டணங்கள். பாரில் உங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். சோதனை என்று வந்தால் கேட்கலாம். அடிக்கடி மும்பைக்குப் போகிறவர் ஆயுள் பெர்மிட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வயதில்தான் நம்மவர்கள் ஏமாறுவார்கள். அங்கே பியருக்கும் ஒயினுக்கும் 21, விஸ்கி, ரம், பிராந்தி போன்றவற்றுக்கு 25. கல்லூரி முடித்த கையோடு முதல் வேலைக்குப் போன பையன், சட்டப்படி ஓல்டு மாங்க் குடிக்க இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும்.

முகப்பைப் படிப்பது

தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியக் கூடாது. கறுப்புக் காகிதம் ஒட்டிய கண்ணாடிக் கதவு, அல்லது இரண்டு பக்கமும் ஆடும் அரைக் கதவு. குடிப்பது ஊருக்குத் தெரியக் கூடாத காரியமாக இருந்த காலத்தின் மிச்சம் அது. புது பப்புகள் முழுக் கண்ணாடி போட்டுக் குடிப்பவரைத் தெருவுக்குக் காட்சி வைக்கின்றன. பழையவை மறைக்கின்றன. இருட்டான கண்ணாடியைப் பார்த்து அஞ்ச வேண்டாம். மேலே உள்ள போர்டில் ‘பார் அண்டு ரெஸ்டாரன்ட்’ என்றோ ‘பெர்மிட் ரூம்’ என்றோ இருந்து, கதவு திறக்கும்போது வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால் நுழையலாம்.

அஞ்ச வேண்டிய போர்டு வேறு. ‘ஆர்கெஸ்ட்ரா’, ‘லேடீஸ் சர்வீஸ்’ என்ற சொற்கள் இருந்தாலோ, வாசலில் கறுப்பு உடையில் தடித்த ஆட்கள் நின்றாலோ, சுவரெல்லாம் வண்ண விளக்கு ஓடினாலோ, அது முற்றிலும் வேறு வியாபாரம். 2005இல் அரசு தடைசெய்த டான்ஸ் பார்கள் உச்ச நீதிமன்றம் வரை போய் 2013இலும் 2019இலும் தீர்ப்பு வாங்கிய கதை நீளமானது, இங்கே வேண்டாம். அந்த இடங்களில் பியர் விலை பட்டியலில் இருப்பது ஒன்று, நீங்கள் கொடுப்பது ஒன்று. தனியாக வந்த வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் இன்னும் மோசம். டாக்சி ஓட்டுநரிடம் “நல்ல பார் எங்கே?” என்று கேட்டால் கமிஷன் கிடைக்கும் இந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற அபாயம் உண்டு, ஆகவே அவரிடம் கேட்காதீர்கள்.

பான்வாலாவிடம் கேளுங்கள். ஒவ்வொரு பாருக்கும் பக்கத்தில் ஒரு பான்–பீடிக் கடை இருக்கும். பொது இடத்தில் புகைக்கத் தடை வந்த 2008க்குப் பிறகு, சிறிய பாரில் குடிப்பவர்கள் சிகரெட்டுக்கு வெளியே வந்து நிற்பது அங்கேதான். எந்த பாரிலிருந்து ஆட்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள், எங்கே சண்டை நடக்கிறது, எங்கே சமையல்காரர் மாறிவிட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு சாதா பான் வாங்கிக்கொண்டு “இதர் குவார்ட்டர் பார் கவுன் சா அச்சா ஹை?” என்று கேட்டால் போதும்.

உரிமத்தின் பெயர்களும் தெரிந்திருக்கட்டும். ‘வைன் ஷாப்’ என்று எழுதியிருப்பது எஃப்.எல்.2 உரிமக் கடை. வெளிநாட்டு வகை மது எல்லாம் விற்கும், அங்கே நின்று குடிக்கக் கூடாது. பார் என்பது எஃப்.எல்.3. அந்த உரிமத்தை ஃபிரேம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருப்பார்கள். மராத்தியில் ‘தேசி தாரு’ என்று எழுதியிருப்பது சி.எல்.3, அரசு அனுமதித்த நாட்டு மதுக் கடை. ஆரஞ்சு வாசனை சேர்த்த ‘சந்த்ரா’ அங்கே பிரசித்தம். மூட்டை தூக்குபவர்களும் கைவண்டி இழுப்பவர்களும் நின்றபடி இரண்டு மடக்கில் முடித்துவிட்டுப் போகும் இடம் அது. எளிமையில் அதற்குக் கீழே எதுவும் இல்லை. ஆனாலும் வேடிக்கை பார்க்கும் மனநிலையோடு அங்கே நுழைவதை நான் ஆதரிக்க மாட்டேன். உடம்பு வலிக்குக் குடிப்பவரின் முன்னால் சுற்றுலாப் பயணியாக நிற்பது அழகில்லை.

லேபிளும் சீலும் இல்லாத எதையும் தொடாதீர்கள். 2015 ஜூனில் மலாடு மால்வணியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்கே நடக்கலாம்

மும்பையின் எளிய பார்கள் ரயிலை ஒட்டி வளர்ந்தவை. ஷிஃப்ட் முடிந்து இறங்கியவர் அடுத்த பஸ்ஸுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்காரும் இடம். தாதர், அந்தேரி, குர்லா, காட்கோபர் போன்ற ஸ்டேஷன் வாசலிலிருந்து ஐந்து நிமிட நடையில் வைன் ஷாப் ஒன்று தென்படும், அதன் அக்கம்பக்கத்தில் பார் இருக்கும். வாடகை ஏறாத பழைய கட்டடமா என்று பாருங்கள். மால் வந்துவிட்ட பக்கத்தை விட்டு, பாத்திரக் கடையும் தையல் கடையும் இருக்கிற பக்கமாக நடங்கள்.

கொலாபாவில் தொடங்குவது வெளியூர்க்காரருக்கு எளிது. தாஜ் ஓட்டலுக்குப் பின்னால், துல்லக் சாலையில், படேமியா கபாப் கடையை ஒட்டி இருக்கிறது கோகுல். இந்த நகரத்தின் குவார்ட்டர் பார்களில் அதிகம் பேருக்குத் தெரிந்தது இதுதான். கடற்படைச் சிப்பாய், கல்லூரி மாணவர், முதுகில் பை சுமந்த வெள்ளைக்காரர், பக்கத்து அலுவலகத்து மேலாளர் எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. சத்தம் உண்டு, ஆனால் அது மனிதர்கள் பேசும் சத்தம். மாலை ஏழரைக்கு மேல் இடம் கிடைப்பது கஷ்டம். ஆறு மணிக்கே போய்விடுங்கள்.

அதே வட்டாரத்தில்தான் லியோபோல்டும் மாண்டேகரும். 1871இல் தொடங்கிய லியோபோல்டின் சுவரில் 2008 நவம்பர் 26 தாக்குதலின் குண்டுத் துளைகளை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். மாண்டேகரின் சுவரில் மரியோ மிராண்டா வரைந்த சித்திரங்கள். இரண்டும் ஒரு காலத்தில் சாதாரண ஈரானிக் கடைகள். இப்போது பெயருக்குச் சேர்த்துக் காசு வாங்குகின்றன. மிராண்டாவின் சித்திரங்களைப் பார்க்க ஒரு பியர் குடிக்கலாம், இரண்டாவது பியர் கோகுலில்.

ஃபோர்ட் பகுதி வேறு ருசி. பங்குச் சந்தை, வங்கி, வழக்கறிஞர் அலுவலகங்கள் நெருங்கிய இடம் என்பதால் மதிய நேரமே இங்கே உயிர்ப்பானது. 1933இல் தொடங்கிய கஃபே மிலிட்டரி பழைய ஈரானி உணவகம், பியரும் உண்டு. மரநாற்காலி, மேலே சுற்றும் மின்விசிறி, கீமா பாவ், ஒரு குளிர்ந்த பாட்டில். வேறு எதுவும் அங்கே தேட வேண்டாம். இதே பகுதியில், காலா கோடாப் பக்கம் உள்ள த்ரிஷ்ணாவின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அது சாதாரண மங்களூர் மீன் சாப்பாட்டுக் கடையாக இருந்தது. வெண்ணெய்–பூண்டு நண்டு பேர் வாங்கியது, பத்திரிகைகள் எழுதின, வெளிநாட்டினர் வரிசை கட்டினார்கள். நண்டு இன்றும் அருமைதான். விலையைப் பார்த்தால் குமாஸ்தா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். எளிய கடையைக் கெடுப்பது பெரும்பாலும் என்னைப் போல எழுதுகிறவர்கள்தான். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ஏற்கெனவே ஊரறிந்த பெயர்களை மட்டும் சொல்கிறேன், மற்றவற்றைத் தேடும் முறையைச் சொல்கிறேன்.

பரேல், லால்பாக் இரண்டும் பழைய கிரண்காவ், அதாவது மில் தொழிலாளர் பூமி. 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. நிலத்தில் கோபுரங்களும் மால்களும் எழும்பின. லோயர் பரேலில் பழைய மில் கட்டடத்துக்குள்ளேயே பப்புகள் இருக்கின்றன, இரும்புத் தூணும் பெயர்ந்த செங்கல்லும் அலங்காரமாகிவிட்டன. ரயில் பாதையின் மறுபக்கம், லால்பாக் நோக்கி நடந்தால், மில்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் போகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. இங்கே ருசி கொங்கணக் கரை: ரவை தடவிப் பொரித்த பொம்பில் (நம்மூரில் வங்காரவாசி என்று கருவாடாகத் தெரிந்த மீன்தான்), சுர்மை எனும் வஞ்சிரம், கோகம் போட்ட சோல் கடி. சிவ்டா எனும் அவல் மிக்சருக்கென்றே ஒரு சந்து லால்பாகில் உண்டு. பகலில் போனால் ஊருக்குக் கொண்டுபோக வாங்கிக்கொள்ளுங்கள்.

பாந்திராவில் பாலி நாக்காப் பக்கம் ஜனதா. சுற்றிலும் நடிகர்கள் குடியிருக்கும் பணக்காரத் தெருக்கள், நடுவில் இப்படியொன்று. வாய்ப்புத் தேடும் துணை நடிகர்களும் உதவி இயக்குநர்களும் நிறைய வருவார்கள். பக்கத்து மேஜையில் யாராவது கதை சொல்லிக்கொண்டிருந்தால் கேட்காத மாதிரி கேளுங்கள்.

இந்த வகை பாரின் பெயரே இப்போது மோஸ்தராகிவிட்டது. லண்டனில் பம்பாய் ஈரானிக் கடை பாணியில் புகழ்பெற்ற டிஷூம் நிறுவனம், 2023இல் பிரைட்டன் நகரில் ‘பெர்மிட் ரூம்’ என்றே ஒரு பார் திறந்தது. மும்பையிலும் வேண்டுமென்றே பழசாக்கிய நாற்காலிகளோடு புது இடங்கள் வருகின்றன. போலியைக் கண்டுபிடிக்க ஒரு வழி: விலைப்பட்டியலில் ‘90 மி.லி.’ என்று ஒரு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவை, அதாவது நிப்பை, விற்காத இடம் குவார்ட்டர் பார் இல்லை.

உட்கார்ந்த பிறகு

நுழைந்ததும் இரண்டு வழி இருக்கும். கீழே விசிறி, மேலே ஏ.சி. சமையலறை ஒன்றுதான், சரக்கும் ஒன்றுதான், விலை மட்டும் வேறு. “நான் ஏசி கிதர்?” என்று கேட்டுக் கீழேயே உட்காருங்கள். மே மாதம் தவிர மற்ற நாட்களில் விசிறி போதும், அதோடு கடையின் உயிர் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. கூட்டமான நேரத்தில் முன்பின் தெரியாதவரின் மேஜையில் உங்களை உட்காரவைப்பார்கள். தலையசைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும், பேச வேண்டிய கட்டாயம் இல்லை. அவராகத் தன் தட்டை உங்கள் பக்கம் நகர்த்தினால் பேச விருப்பம் என்று பொருள்.

அளவுகள்: 30 மி.லி. சிறிய பெக், 60 பெரிய பெக், 90 நிப், 180 குவார்ட்டர். பியர் பாட்டில் 650. நிப்போ குவார்ட்டரோ சொன்னால் சீல் உடைக்காத பாட்டிலை மேஜைக்கே கொண்டுவந்து உங்கள் கண்முன்னால் திறக்க வேண்டும். பெக் என்றால் உள்ளே எங்கோ ஊற்றி எடுத்துவருவார்கள். கலப்படத்துக்கோ அளவு குறைவதற்கோ இடம் பெக்கில்தான் அதிகம். இரண்டு பேர் ஒரு குவார்ட்டர் சொல்லிப் பகிர்வது அங்கே சர்வசாதாரணம், வெயிட்டரே இரண்டு கிளாஸ் வைத்துவிடுவார். நம் நாட்டு விஸ்கி, ரம்மில் வழக்கமாக ஆல்கஹால் 42.8 சதவீதம். பாட்டில் எந்தக் கம்பெனியானாலும் பெரும்பாலும் அதுதான், ஆகவே விலை கூடினால் போதை கூடும் என்று நினைக்காதீர்கள். பார் விலை பாட்டிலில் அச்சிட்ட விலையைவிட அதிகமாகத்தான் இருக்கும். அது முறைகேடு அல்ல. பட்டியலில் உள்ளதைவிட பில்லில் அதிகம் இருந்தால்தான் கேட்க வேண்டும்.

பில் ஊதுவது மதுவால் இல்லை, தண்ணீரால். உட்கார்ந்த கையோடு ஒரு வெயிட்டர் பாட்டில் தண்ணீரைத் திறந்துவிடுவார், இரண்டு சோடாவையும் உடைத்துவைப்பார். வேண்டுமா என்று யோசிப்பதற்குள் கணக்கில் ஏறிவிடும். குவார்ட்டர் சொல்லும் அதே மூச்சில் “சாதா பானி, ஏக் சோடா” என்று சொல்லிவிடுங்கள். ஐஸுக்குக் காசில்லை. பரிமாறுபவர்களில் பழைய மங்களூர்க்காரர்கள் குறைந்து, இப்போது வடக்கு, கிழக்கு மாநிலத்துப் பையன்கள் அதிகம். ‘பாஸ்’, ‘பையா’ இரண்டுமே செல்லும். கைதட்டிக் கூப்பிடுவதோ சொடக்குப் போடுவதோ வேண்டாம்.

சக்னாவுக்கு வருவோம். நாம் சைடு டிஷ் என்பதை அங்கே சக்னா என்பார்கள். முதல் தட்டு இலவசம்: வெங்காயம் சேர்த்து எலுமிச்சை பிழிந்த கடலை, அல்லது முளைகட்டிய பயறு, அல்லது சேவ், வெள்ளரித் துண்டு. இலவசத் தட்டைக் கவனித்தால் கடையைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். கடலை அன்றைக்கு வேகவைத்ததா, வெங்காயம் இப்போது நறுக்கியதா, காலியானதும் கேட்காமல் இன்னொன்று வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சாப்பாடும் அங்கேயே சாப்பிடலாம். கடலையில் புளித்த வாடை அடித்தால் குடித்ததோடு எழுந்துவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதில் மசாலா பப்படம் எல்லா இடத்திலும் சரியாக இருக்கும். சனா கோலிவாடா, அதாவது மாவில் பிரட்டிப் பொரித்த காரக் கொண்டைக்கடலை, சைவக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஷெட்டி கடையானால் சுக்கா, கஸ்ஸி, நீர் தோசை கேட்டுப்பாருங்கள், அட்டையில் இல்லாவிட்டாலும் சில நாள் உள்ளே இருக்கும். கடைசியில் எல்லோரும் போய்ச் சேர்வது ‘ட்ரிபிள் ஷெஜ்வான்’ என்ற சிவப்புச் சோற்றில். அதில் சீனாவும் இல்லை, ஷெஜ்வானும் இல்லை. நள்ளிரவுக்கு அது பொருத்தம், பகலில் சாப்பிட்டால் வருத்தம்.

படம் எடுக்காதீர்கள். அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் ஆபீஸில் வேலை அதிகம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

பெண் வாசகர்களுக்கு

குவார்ட்டர் பாரின் கீழ்த்தளம் பெரும்பாலும் ஆண்களின் இடம். தனியாகப் போகும் பெண்ணை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைச் சகித்துக்கொள்வதும் எளிமையின் அழகு என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். மேலே ஏ.சி. பகுதியைப் பல கடைகள் குடும்பத்தோடு வருபவர்களுக்கென்று வைத்திருக்கின்றன. அங்கே கொடுக்கும் கூடுதல் விலைக்கு அர்த்தம் இருக்கிறது. கோகுல், ஜனதா போன்ற கலப்புக் கூட்டம் வரும் இடங்களில் தோழிகளோடு போவது சகஜம். கஃபே மிலிட்டரி மாதிரி ஈரானிக் கடைகள் பகலில் தனியாக உட்கார ஏற்றவை. கழிப்பறை இருக்கிறதா என்று உட்காருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பழைய பார்களின் மிகப் பெரிய குறை அதுதான், அதற்குச் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லோருக்குமே இன்னொன்று. மாடிக்கோ பரண் தளத்துக்கோ ஏறினால் இறங்கும் வழி எத்தனை என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். 2017 டிசம்பர் 29 அதிகாலையில் லோயர் பரேல் கமலா மில்ஸ் வளாகத்து மாடியில் பற்றிய தீயில் 14 பேர் இறந்தார்கள். அது பணக்கார இடம். குறுகலான மரப்படிக்கட்டு வைத்த பழைய இடங்களில் ஆபத்து அதைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது.

திரும்பும் வழியும் மூடிய கதவும்

பார்கள் இரவு ஒன்றரை மணி வரை இருக்கலாம். கடைசி லோக்கல் ரயில் அதற்கு முன்பே, ஒரு மணி வாக்கில் போய்விடும். விடியற்காலை நான்கு மணி வாக்கில்தான் அடுத்தது. தங்கும் அறை புறநகரில் இருந்தால் பதினொன்றரைக்கே பில் கேளுங்கள். சில்லறையாக இருபதோ ஐம்பதோ வைத்துவிட்டு எழுந்தால் அடுத்த முறை உங்களுக்கு மேஜை கிடைக்கும். வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 2007லிருந்து மும்பைப் போலீஸ் இரவு நாக்காபந்தியில் (சாலைத் தடுப்புச் சோதனையில்) மூச்சுச் சோதனை நடத்துகிறது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மதுவிலக்குச் சட்டம் இன்னும் சாகவில்லை என்பதை வெளியூர்க்காரர் நேரில் தெரிந்துகொள்வது ‘டிரை டே’ அன்று. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆஷாட ஏகாதசிக்கும், பிள்ளையார் கரைக்கும் அனந்த சதுர்த்தசிக்கும் மூடுவார்கள். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே கதவு விழும், வாக்கு எண்ணும் நாளிலும் அப்படியே. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அந்த ஆண்டின் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். டிரை டே அன்று பின்வாசல் வழியாக வரச்சொல்லி யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். கேட்கிற விலை இரண்டு மடங்காக இருக்கும், பாட்டிலுக்கு சீல் இருக்காது.